வண்டி சாய்ந்து ஓடும்

புக்கிட் ரோத்தான்
5 மார்ச் 1986

வாசு,

ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் நான் சொல்லாதவை நிறைய. வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர, உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. கலும்பாங்கிலிருந்து வெயிலில் வந்ததில் உங்கள் புதுச் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. அதைப் பார்த்தேன், அதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. "அப்பா வெளியில போயிட்டார். பத்து மணின்னா அவருக்குப் பத்து மணிதான்" என்று மட்டும் சொன்னேன். நீங்கள் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள், பிறகு மோட்டார் சைக்கிளைப் பார்த்தீர்கள். அதை எட்டி உதைக்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். உதைக்காமல், சீட்டுக்கு அடியிலிருந்து அந்த ஆங்கிலத் தாளை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, "இதைத் தமிழ்ல எழுதி அனுப்புங்க, அடுத்த தடவை ஒன்பதரைக்கே வந்து நிக்கிறேன்" என்றீர்கள்.

சொல்லாதவற்றில் ஒன்றை மட்டும் இப்போது எழுதுகிறேன். அந்த மோட்டாரில் கை வைக்க வேண்டாம். மற்றவற்றை எழுத இன்னும் தைரியம் வரவில்லை.

முப்பது வருடம் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்து, விடிவதற்கு முன்பே பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுத்துப் பழகியவரிடம் நாற்பது நிமிடத் தாமதம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அதற்கு மருந்து மோட்டாரின் வேகம் இல்லை. அரை மணி முன்னதாகக் கிளம்பினால் போதும்.

இருந்தாலும், கேட்டதைச் செய்து அனுப்புகிறேன். தாளில் உள்ளதன் சுருக்கம் இது. இங்கிலாந்தில் புதிதாக ஓட்டப் பழகுகிறவர்கள் வேகமாகப் போகக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார்களாம். அதற்காக அந்த நாட்டுக்கு அனுப்பும் சின்ன மோட்டார்களின் மூச்சை ஜப்பான்காரர்களே அடைத்து அனுப்புகிறார்கள். எக்சோஸ் பைப்பின் வாயில், வெளியே தெரியாதபடி ஓர் இரும்பு வாஷரைப் பற்றவைத்திருக்கிறார்கள். உங்களுக்கு விற்ற டாக்டர் அங்கே படித்தபோது ஓட்டிய வண்டி என்பதால் அது இன்னும் அப்படியே இருக்கும். வாஷரை எடுத்தால் வண்டியின் சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று போட்டிருக்கிறது. எடுக்கும் முறையைத் தனித் தாளில் முழுதாக எழுதியிருக்கிறேன்.

கடைசி வரி எனக்குக் கொஞ்சம் தொல்லை கொடுத்தது. "வாஷரை எடுத்த பின் கார்புரேட்டரில் பெரிய ஜெட் பொருத்தவும். இல்லையெனில் முழு வேகத்தில் எஞ்சின் சாய்ந்து ஓடும்" என்று வருகிறது. எஞ்சின் மட்டும் எப்படித் தனியாகச் சாயும்? வண்டியைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அதனால் "வண்டி சாய்ந்து ஓடும்" என்று திருத்தி எழுதியிருக்கிறேன்.

பதிலைப் பள்ளிக்கூட முகவரிக்கே எழுதுங்கள்.

வாகீஸ்வரி


கலும்பாங்
12 மார்ச் 1986

டீச்சர் அவர்களுக்கு,

மோட்டாரில் கை வைக்காதே என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, எப்படிக் கை வைப்பது என்று மூன்று பக்கம் அனுப்பியிருக்கிறீர்கள். நான் எந்த டீச்சர் சொல்வதைக் கேட்பது? மூன்று பக்கம் எழுதின டீச்சர் சொன்னதைக் கேட்டுவிட்டேன்.

முதலில் இங்கே இருக்கும் சீனர் கடைக்குத்தான் கொண்டுபோனேன். கடைக்கார டவுக்கே வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஜாங்ஙான் காச்சாவ்" என்றான். நோண்டாதே என்கிறான். இந்த ஊரில் இந்த மாதிரி வண்டி அவன் பார்த்ததில்லை, கெட்டுப்போனால் சாமான் கிடைக்காது என்று பயம். சரி போ என்று ஃபேக்டரியில் வெல்டிங் பண்ணுகிற உமாபதியிடம் கொடுத்தேன். நீங்கள் எழுதின தாளைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்துப் படித்துச் செய்தான். "யாருடா எழுதினது, கோயில் நோட்டீஸ் மாதிரி கையெழுத்து" என்று கேட்டான். சொல்லவில்லை.

வாஷர் வந்துவிட்டது. அதன் ஓட்டையில் என் கட்டைவிரல்கூடச் சரியாக நுழையவில்லை. இத்தனை நாள் வண்டி அந்த ஓட்டை வழியாகத்தான் மூச்சு விட்டிருக்கிறது, பாவம். இப்போது ஓடுவதைப் பார்க்க வேண்டுமே. முன்பெல்லாம் செம்பனைப் பழக்குலை ஏற்றின ஒரு லோரிக்குப் பின்னால் மாட்டினால் ராவாங் வரைக்கும் புகை குடித்துக்கொண்டே வருவேன். நேற்று தஞ்சோங் மாலிம் ரோட்டில் மூன்று லோரியை ஒரே இழுப்பில் தாண்டினேன்.

நீங்கள் எழுதின கடைசி வரியை மறக்கவில்லை. பெரிய ஜெட் இங்கே எந்தக் கடையிலும் இல்லை. கோலாலம்பூரில் சொல்லி வரவழைக்க வேண்டும், எப்போது வரும் என்று தெரியாது. அதனால் நானும் உமாபதியும் ஒரு டெஸ்ட் வைத்தோம். நான் முழு வேகத்தில் போக, அவன் தன் சின்னக் கப்சாய் மோட்டாரில் பின்னாலேயே வந்து, வண்டி இடது பக்கமோ வலது பக்கமோ சாய்கிறதா என்று பார்த்தான். "நூல் புடிச்ச மாதிரி போவுதுடா, ஒரு இஞ்சுகூட சாயல" என்றான். நானும் ஒரு தடவை ரெண்டு கையையும் விட்டுப் பார்த்தேன், திட்டாதீர்கள். சாயவே இல்லை. சாயாத வண்டிக்கு எதற்குப் பெரிய ஜெட்? ஆகவே அந்தச் செலவு மிச்சம்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். முன்பு கறுப்பாக இருக்கும், இப்போது பல் விளக்கின மாதிரி வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. சுத்தமாக எரிகிறது என்று உமாபதி சொல்கிறான். கொஞ்சம் சூடு அதிகம். முழுசாக முறுக்கினால் தகர டப்பாவில் சில்லறையைக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம் வருகிறது. புது மூச்சு இல்லையா, பழகிவிடும்.

இனி உங்கள் அப்பாவிடம் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வாங்கிக் கொடுப்பது உங்கள் வேலை. அம்மா மட்டும் சிரிக்கிறது. "கிராணி வீட்டுல பொண்ணு கேக்கப் போறவன் ஏரோப்ளேன்ல போனாலும் லேட்டுதான்டா" என்கிறது. எங்கம்மா தாயம்மாவுக்கு வாய் அதிகம், விஷயம் ஒன்றும் தெரியாது.

இப்படிக்கு,
லோரிகளை முந்தும் வாசு


புக்கிட் ரோத்தான்
15 மார்ச் 1986

வாசு,

நேற்று மாலை அப்பா பத்திரிகை படித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன். கேட்பதற்கு முன் இரண்டு தரம் தேநீர் கொண்டுபோய் வைத்தேன், இரண்டையும் குடித்துவிட்டார். தாளிலிருந்து முகத்தை எடுக்காமலே, "இன்னொருக்கா வரச் சொல்லு. இருபத்திமூண்டாம் தேதி. பத்து எண்டால் பத்து" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, நான் அடுப்படிக்குத் திரும்பியபின், "இதுதான் கடைசி" என்று உரக்கச் சொன்னார்.

அப்பா ஒன்றைக் கடைசி என்று சொன்னால் அது கடைசிதான். அம்மா இறந்த பிறகு என்னைப் படிக்கவைத்தவரும் வேலைக்குப் போக விட்டவரும் அவரே. இந்த ஒன்றில் மட்டும் அவர் முகம் வேறொருவர் முகம் போல ஆகிவிடுகிறது.

ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு முதல் பஸ்ஸில் வாருங்கள். ராவாங்கில் மாறி ஏறினால் ஒன்பது மணிக்குள் வந்துவிடலாம். உங்கள் ஃபேக்டரித் திலகத்தின் வீடு எங்கள் பக்கத்துத் தெருதானே, அங்கே சட்டை மாற்றிக்கொள்ளலாம், அவள் அம்மாவிடம் நான் சொல்லிவைக்கிறேன். மோட்டாரில் வந்தால் நீங்கள் நேரத்துக்கு வருவீர்களா என்பதல்ல என் கவலை. சில்லறை குலுக்குவது போன்ற சத்தம் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியிலிருந்து என்னால் நகர முடியவில்லை. எனக்கு எஞ்சினைப் பற்றித் தெரியாது. ஆனால் ஒரு பொருள் புதிதாகச் சத்தம் போட்டால் அது எதையோ சொல்லப் பார்க்கிறது என்று எண்ணுகிறவள் நான்.

இரண்டு கையையும் விட்டு ஓட்டியதை எனக்கு எழுதாமல் இருந்திருக்கலாம்.

உங்கள் அம்மா சொன்னது ஒன்றும் தெரியாமல் சொன்னது இல்லை. இதற்கு மேல் இப்போது கேட்காதீர்கள்.

வாகீஸ்வரி


கலும்பாங்
19 மார்ச் 1986

வாகீஸ்வரி,

இதுவரை உன்னை நீங்கள் என்றுதான் எழுதினேன். கிராணி வீட்டுப் பெண், டீச்சர், இங்கிலீஷ் படித்தவள் என்று. இன்றைக்கு அப்படி எழுத வரவில்லை.

பஸ்ஸில் வா என்கிறாய். பிறகு திலகம் வீட்டுக் கொல்லையில் சட்டை மாற்றிக்கொண்டு, தலை சீவிக்கொண்டு, உன் வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டும். என் தாத்தா உங்கள் ஆபீஸ் வாசலில் அப்படித்தான் நின்றிருப்பார், துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு. நான் நிற்க மாட்டேன்.

திலகத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். திங்கட்கிழமை ஃபேக்டரி கேண்டீனில் அவளைப் பார்த்தேன். அன்றைக்கு லேட்டாகிப் போனதைச் சொல்லி, ஐயா கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டார் என்றேன். அவள் சோற்றில் கை வைத்தபடி என்னைப் பார்த்தாள். "வெளிய போனாரா? ஐயா வீட்லதானே இருந்தாரு. எங்கம்மா பதினோரு மணிக்கு முருங்கைக்கீரை குடுக்கப் போனப்பக்கூட ஹால்ல உக்காந்திருந்தாராமே" என்றாள். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்கே தெரிந்தது. பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டாள்.

நான் பத்து நாற்பதுக்கு வந்தேன். வாசலில் உன்னோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டு நின்றேன். அந்த நேரம் முழுக்க அவர் உள்ளே இருந்தாரா?

ஒரே வார்த்தை. ஆமாம் அல்லது இல்லை. விளக்கம் வேண்டாம், விளக்கம் எழுத உனக்கு நன்றாக வரும். கடிதத்திலும் வேண்டாம், நேரில் உன் வாயால் சொல். சனிக்கிழமை இரவு ஷிப்ட் முடிந்து, ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு மோட்டாரில்தான் கிளம்புவேன். ஒன்பதரைக்கு உங்கள் கேட்டில் இருப்பேன். இந்தத் தடவை லேட் என்று சொல்ல யாருக்கும் வாய் இருக்காது.

வாசு


புக்கிட் ரோத்தான்
21 மார்ச் 1986, வெள்ளிக்கிழமை மாலை

வாசு,

முதலில் இதைப் படியுங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம், படிக்காமலும் போகலாம். மோட்டாரை எடுக்காதீர்கள். நான் தமிழில் எழுதி அனுப்பியது தப்பு. வண்டி சாயாது. சாய்வதைப் பற்றி அந்தத் தாளில் பேச்சே இல்லை.

அந்த வரியில் இருந்த ஆங்கிலச் சொல் "லீன்". சாய்வது என்றுதான் நான் படித்திருக்கிறேன், அப்படியே எழுதினேன். பொருந்தவில்லை என்று எனக்கே தெரிந்தது. தெரிந்தும், புரியவில்லை என்று உங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டு, எஞ்சினை வண்டியாக்கி, பொருந்தாததைப் பொருந்தவைத்தேன்.

நேற்று அப்பாவின் அலமாரியைத் துடைத்தபோது தோட்டத்தின் பழைய ஆண்டறிக்கை ஒன்று கையில் வந்தது. கிடைத்ததை எல்லாம் படிக்கும் பழக்கத்தில் அதையும் படித்தேன். உலகச் சண்டைக்கு முன் ரப்பர் விலை விழுந்த காலத்தைத் துரை "லீன் இயர்ஸ்" என்று எழுதியிருந்தார். அந்த வருடங்களில் மரம் எதுவும் சாயவில்லை, வாசு. கூலியைப் பாதியாக்கினார்கள், சனங்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள், மற்றவர்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்தார்கள். லீன் என்றால் அங்கே மெலிவு. பற்றாக்குறை. பட்டினி.

தூசித் துணியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இன்று பள்ளி விட்டதும் கடைத்தெருவில் இருக்கும் மோட்டார் கடைக்குப் போனேன். நான் அங்கே நின்றதைப் பார்த்தவர்கள் இதற்குள் அப்பாவிடம் சொல்லியிருப்பார்கள். கடைக்காரரிடம் அரைகுறை மலாயில் கேட்டேன். எக்சோஸில் அடைப்பை எடுத்துவிட்டு பெட்ரோல் இறங்கும் ஜெட்டை மாற்றாமல் ஓட்டினால் என்ன ஆகும்? அவர் கை துடைத்துக்கொண்டே, "மினியாக் கூராங்" என்றார். காற்று நிறையப் போகும், பெட்ரோல் போதாது. உங்கள் வண்டியில் பெட்ரோலோடுதான் எண்ணெயும் கலந்து உள்ளே போகிறது, பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், உள்ளே எல்லாம் காய்ந்து சூடேறும் என்று விளக்கினார். அதுவரை சிரித்துக்கொண்டுதான் பேசினார். பிளக் என்ன நிறம் என்று கேட்டார். வெள்ளை என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. "பிஸ்டன் லெக்காட்" என்று சொல்லி, ஒரு கை முஷ்டியை மறு கைக்குள் வைத்து இறுக்கிக் காட்டினார். பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும். பின் சக்கரம் அப்படியே நின்றுவிடும். மெதுவாகப் போனால் தெரியாது, நேர் ரோட்டில் முழு வேகத்தில் நெடுநேரம் போனால்தான் வரும் என்றார். "அவனை இன்றைக்கே நிறுத்தச் சொல்" என்றார், யார் என்று கேட்கவில்லை.

நீங்கள் வரும் வழியில் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பிறகு இருப்பது அந்த மாதிரி ரோடுதான்.

தந்தி கொடுக்கத் தபால் நிலையம் வரை போனேன். தந்தி ஃபாரத்தைக் கையில் வாங்கியும்விட்டேன். உங்கள் லயத்து வீடுகளுக்குத் தந்தி வந்தால் அது சாவுச் செய்தியாகத்தான் இருக்கும். பிரிப்பதற்கு முன்பே உங்கள் அம்மா நெஞ்சில் அடித்துக்கொள்வார். நீங்களும் இங்கே ஏதோ நடந்துவிட்டது என்று அந்த மோட்டாரையே எடுத்துக்கொண்டு பறந்து வருவீர்கள். ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். திலகம் அவள் அம்மாவைப் பார்க்க வந்திருக்கிறாள், நாளை காலை பஸ்ஸில் திரும்புகிறாள். இரவு ஷிப்டில் உங்கள் கையிலேயே இதைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

இனி நீங்கள் கேட்டது. ஆமாம். அப்பா அன்று உள்ளேதான் இருந்தார். திரைக்குப் பின்னால், நாற்காலியில். "இல்லையெண்டு சொல்லிவிடு" என்று என்னை அனுப்பியவர் அவர். நீங்கள் ஒன்பதரைக்கு வந்திருந்தாலும் அதைத்தான் சொல்லச் சொல்லியிருப்பார் என்று அன்றே எனக்குத் தெரியும். தாமதம் அவருக்கு நல்ல சாக்காகப் போயிற்று. எனக்கும்தான். உண்மையைச் சொன்னால் நீங்கள் இனி வரவே மாட்டீர்கள் என்று பயந்து, குற்றத்தைக் கடிகாரத்தின் மேல் விழ விட்டேன். நீங்கள் அதை மோட்டாரின் மேல் போட்டீர்கள்.

கோபத்தில்தான் நீ என்று எழுதினீர்கள். ஆனாலும் அந்தச் சொல் வந்த இடங்களை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பஸ்ஸில் வாருங்கள். இல்லையென்றால் வராமலே இருங்கள். மோட்டாரில் மட்டும் வராதீர்கள்.

வாகீஸ்வரி


ஆஸ்பத்திரி, தஞ்சோங் காராங்
24 மார்ச் 1986

வாகீஸ்,

நீ எழுதினது தப்பு இல்லை. வண்டி சாய்ந்தது.

பயப்படாதே, வலது கை நன்றாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். இடது தோள்பட்டை எலும்பு உடைந்திருக்கிறது. விலா ஒன்றில் விரிசல். தொடையில் தோல் போனது. பல் எல்லாம் இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன்.

எப்படி என்று கேட்பாய். வீட்டிலிருந்து கிளம்பும்போது நேரம் நிறைய இருந்தது. மெதுவாகவே வந்திருக்கலாம். ஆனால் மனசில் ஒரே கேள்வி ஓடிக்கொண்டிருந்தால் கை தானாக முறுக்குகிறது. பத்தாங் பெர்ஜுந்தை தாண்டி அந்த நேர் ரோட்டில் முறுக்கிப் பிடித்தவன் விடவே இல்லை. சில்லறைச் சத்தம் வந்தது. ஒரு செம்பனை லோரியை முந்தினேன். முந்தி முடிக்கவும் சத்தமெல்லாம் நின்றுபோனது. பின் டயரை யாரோ பின்னால் இருந்து கையால் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. கிளச்சைப் பிடித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு வந்த நினைப்பு, "டீச்சர் சொன்ன மாதிரியே சாயுதே" என்பதுதான். பிறகு ரோடு.

நான் முந்தினேனே, அந்த லோரி பின்னால்தானே வருகிறது. பிரேக் அழுத்தின சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். நின்றபோது அதன் முன் டயர் என் தலைக்குப் பக்கத்தில் இருந்தது, தார் வாசம் அடித்தது. வயசான மலாய்க்காரர் ஒருவர் இறங்கி வந்தார். "நாசிப், நாசிப்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நல்ல நேரமாம். அவர்தான் லோரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து சேர்த்தார். ரோட்டில் போனவர்களைக் கூப்பிட்டு என் மோட்டாரையும் பழக்குலைகளின் மேல் ஏற்றிக்கொண்டு வந்தார்.

இப்போது நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. உன் கடிதம் சனிக்கிழமை இரவே என் கையில் கிடைத்துவிட்டது. "உடனே படிக்கச் சொன்னாங்க, இப்பவே படி" என்று திலகம் மெஷினைவிட்டு நகராமல் நின்றாள். பிறகு படிக்கிறேன் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நேரில் சொல் என்று நான் கேட்டிருக்க, நீ மறுபடியும் எழுதிவிட்டாயே என்று எனக்கு வீம்பு. இன்னொன்றும் உண்டு. அதைப் பிரித்தால் நான் வராமல் இருந்துவிடுவேனோ என்று பயம். ஞாயிற்றுக்கிழமை குளித்துச் சட்டை மாற்றியபோதும் மறக்காமல் பை மாற்றி எடுத்து வைத்துக்கொண்டேன். ஒட்டினபடியே உன்னிடம் திருப்பிக் கொடுத்து, இப்போது சொல் என்று கேட்கலாம் என்றிருந்தேன். நர்ஸ்தான் நேற்று மாலை சட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஒரு மூலையில் ரத்தம். முதல் வரியைப் படித்ததும் சிரிப்பு வந்தது, விலா வலித்தது, நிறுத்த முடியவில்லை. பக்கத்துக் கட்டில் அண்ணன் நான் அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

உன் ஆமாம் கிடைத்தது. உன்மேல் கோபப்பட வேண்டும் என்று நேற்றிலிருந்து பார்க்கிறேன். இங்கே காற்றாடி ரொம்ப மெதுவாகச் சுற்றுகிறது, கோபம் பிடித்து நிற்க மாட்டேன் என்கிறது. நீ எழுதினதைப் படித்ததால் விழுந்தேன். நீ எழுதினதைப் படிக்காததாலும் விழுந்தேன். யாரை என்னவென்று கேட்பது?

உன் அப்பாவிடம் சொல். இந்தத் தடவையும் நான் நேரத்துக்கு வரவில்லை.

வாசு


புக்கிட் ரோத்தான்
25 மார்ச் 1986

வாசு,

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடப் போவதில்லை. கையிலேயே கொண்டுவருகிறேன். நேரில் சொல் என்றால் எனக்கு வாய் வராது. ஆகையால் நீங்கள் இதைப் படித்து முடிக்கும் வரை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. ஒன்பது மணிக்கே அப்பா சலவை வேட்டி கட்டி, மேல்சட்டை போட்டு, ஹாலில் வந்து உட்கார்ந்தார். திரையை ஒதுக்கிக் கட்டச் சொன்னார். நான் நம்பவில்லை. இன்னும் ஒரு நாற்காலியை எடுத்து எதிரில் போடச் சொன்னார். போட்டேன். ஒன்பதரை ஆனது. பத்து ஆனது. வாசலில் ஒவ்வொரு மோட்டார் போகும்போதும் எழுந்து எட்டிப் பார்த்தேன். வராதே வராதே என்று ஒரு மனம். பஸ்ஸில் வந்துவிடட்டும் என்று இன்னொரு மனம். பத்தேகாலுக்கு அப்பா எழுந்து கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். "பாத்தியோ பிள்ளை. நான் அண்டைக்கே சொன்னனான்" என்றார். அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை.

அப்போது சொன்னேன். "அண்டைக்கு அவர் வந்தவர். நீங்கள் உள்ளுக்கு இருந்தனீங்கள். நான்தான் பொய் சொன்னனான்." இவ்வளவுதான். இருபத்துநான்கு வயதில் அவர் முகத்தைப் பார்த்து நான் பேசிய மிக நீளமான பேச்சு. அப்பா எதிரே போட்டிருந்த நாற்காலியைத் தானே எடுத்துக்கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்தார்.

ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் நான் பாதி நிம்மதியாக இருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? கடிதம் கிடைத்துவிட்டது, படித்துவிட்டீர்கள், மோட்டாரை எடுக்கவில்லை, அந்த ஆமாமுக்காக என்னை விட்டுவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். விட்டுவிட்டால் பரவாயில்லை, எங்கேயோ நன்றாக இருக்கிறீர்கள் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் நீங்கள் பதினைந்து மைல் தூரத்தில் கட்டிலில் கிடந்திருக்கிறீர்கள். இன்று பத்து மணி இடைவேளையில் திலகம் ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்துவிட்டு, உங்கள் கடிதத்தோடு பள்ளிக்கே வந்துவிட்டாள். பிரம்பைக்கூட மேசையில் வைக்காமல் வெளியே வந்திருக்கிறேன், அவள்தான் வாங்கி வைத்தாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். கேட்டு அனுமதி வாங்கவில்லை, சொன்னேன். "உயிருக்கு ஒண்டும் இல்லையே?" என்றார். இல்லை என்றேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, "ரெண்டேகாலுக்கு ஒரு பஸ் இருக்கு. அதை விட்டால் நாலு மணிக்குத்தான்" என்றார்.

அந்த ரெண்டேகால் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் நேரத்தில்தான் இதை எழுதுகிறேன். நிழற்குடையில் உட்கார்ந்து, மடியில் பையை வைத்து எழுதுவதால் எழுத்துக் கோணலாக இருக்கிறது. பஸ் தெரிகிறது.

வாகீஸ்வரி


சிக்கிஞ்சான்
18 ஜனவரி 1987

வாசு,

இங்கே மாற்றலாகி வந்து இரண்டு வாரம் ஆகிறது. பள்ளியைச் சுற்றிலும் வயல், காற்றுக்குப் பஞ்சமில்லை. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ராவாங் வழியாகக் கலும்பாங் வந்துவிடுவேன். அம்மாவிடம் சொல்லிவையுங்கள், கருவாடு வாங்கி வருகிறேன்.

கிள்ளான் ஸ்டூடியோவிலிருந்து நம் பதிவுத் திருமணப் படம் நேற்று வந்து சேர்ந்தது. ஒரு பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். திலகம் கண்ணை மூடியிருக்கிறாள். உமாபதி யாரோ பிடித்துத் தள்ளியது போல முன்னால் நிற்கிறார். உங்கள் எலும்பு சரியாகக் கூடவில்லை என்று டாக்டர் சொன்னது படத்தில்தான் தெரிகிறது. இடது தோள் இறங்கி, நீங்கள் என் பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறீர்கள்.

அப்பா படத்தில் இல்லை. பதிவு பத்து மணிக்கு என்று அவருக்கு எழுதியிருந்தேன். அவர் வந்தபோது பத்து நாற்பது ஆகியிருந்தது.

வாகீஸ்வரி